கருவும் கருணையும்

அறம் வேறு, சட்டம் வேறு. அறம் மனத்தை நோக்கிப் பேசுகிறது. சட்டம் செயலைப் பிடித்துத் தண்டிக்கிறது. பாவம் எனச் சமயம் கூறுவன எல்லாம் குற்றங்கள் ஆவதில்லை. இவ்விரண்டின் எல்லையும் மயங்கும் இடங்கள் மாந்தர் வாழ்வில் சிலவே உள. அவற்றுள் மிகவும் நுண்ணியது, ஒரு பெண்ணின் வயிற்றில் வளரும் கருவைப் பற்றியது. கருக்கலைப்புக்கு எதிராகக் கடுஞ்சட்டம் வேண்டுவோர் பெரும்பாலும் சமயத்தின் பெயரால் பேசுவர். ஆயின் அதே சமயத்தின் பெயரால், தாய்க்கும் மருத்துவருக்கும் சட்டம் விட்டுவைத்த சிறு வழியை அடைத்தல் கூடாது என்று வாதிட்டோரும் வரலாற்றில் உளர். அவ்வாதத்தின் தன்மையைக் கெடா மாநிலத்துத் தோட்ட வாழ்வோடு பொருத்திக் காண்பது பயனுடையது.

சட்டம் வந்த வழி

கருச்சிதைவைக் குற்றமாக்கிய சட்டம் மலையக மண்ணில் முளைத்ததன்று. மெக்காலே தலைமையில் 1837இல் வரையப்பட்டு, 1860இல் நிறைவேறிய இந்தியத் தண்டனைச் சட்டத் தொகுப்பின் 312 முதல் 316 வரையுள்ள பிரிவுகளே அதன் ஊற்று. அத்தொகுப்பைத் தழுவி 1871இல் நீரிணைக் குடியேற்றங்களில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. பின்னர் கூட்டு மலாய் மாநிலங்களிலும் அவ்வாறே ஆயிற்று. கெடா மாநிலமோ 1909ஆம் ஆண்டு வரை சயாமின் மேலாண்மையில் இருந்து, அவ்வாண்டு உடன்படிக்கையால் ஆங்கிலேயர் செல்வாக்கிற்குள் வந்தது. கூட்டு மாநிலங்களின் தண்டனைச் சட்டம் 1948இல் தீபகற்பம் முழுமைக்கும் விரிக்கப்பட்டபோது, கோலா கெத்தில் வட்டாரத் தோட்டத்துப் பெண்ணும், கல்கத்தாவில் எழுதப்பட்ட அதே வாசகத்தின் கீழ் வந்தாள்.

அவ்வாசகம் கடுமையானது. கருச்சிதைவு செய்வித்தவருக்கு மூன்றாண்டு வரையும், கருவில் அசைவு தோன்றிய பின்னராயின் ஏழாண்டு வரையும் சிறை உண்டு. தன் கருவைத் தானே சிதைத்துக் கொள்ளும் பெண்ணும் இதற்கு விலக்கல்லள். தாயின் உயிரைக் காக்கும் நோக்கம் ஒன்றே தொடக்கத்தில் அனுமதிக்கப்பட்ட விதிவிலக்கு. இங்கிலாந்தில் 1938இல் அலெக் போர்ன் என்னும் மருத்துவர், வன்கொடுமைக்கு ஆளான பதினான்கு வயதுச் சிறுமிக்குக் கருக்கலைப்புச் செய்து, தாமே வழக்கை எதிர்கொண்டு விடுதலை பெற்றார். உயிர் என்பது மூச்சு மட்டுமன்று, உடல் மன நலமும் அதில் அடங்கும் என்னும் கருத்து அவ்வழக்கால் வலுப்பெற்றது.

மலேசியாவில் அக்கருத்து சட்டமாக ஐம்பது ஆண்டுகள் ஆயின. 1989ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, பதிவு பெற்ற மருத்துவர் ஒருவர், கருவைத் தொடர்வது தாயின் உயிருக்கு இடராகும் என்றோ, கலைப்பதைக் காட்டிலும் மிகுதியான தீங்கை அவள் உடலுக்கோ மனத்திற்கோ விளைக்கும் என்றோ நன்னம்பிக்கையோடு கருதினால், கருவைக் கலைத்தல் குற்றமாகாது. பாதுகாக்க வேண்டிய வழி என்பது இதுவே.

தோட்டத்துத் தாய்

கெத்தில் ஆறு மூடா ஆற்றோடு கூடும் நிலப்பகுதியில் பத்து பெக்காக்கா, படேனோக் முதலிய தோட்டங்கள் தமிழர் உழைப்பால் வளர்ந்தன. விடியுமுன் பெரட்டுக் களத்தில் நின்று, பின் பால் வெட்டி, மங்குகளில் நிறைந்ததை வாளியில் சேர்த்துச் சுமந்தவருள் கருவுற்ற பெண்களும் இருந்தனர். கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டு நிரைக்கு ஓடுவதும், அடுத்த பிள்ளையை வயிற்றில் சுமந்தவாறே வாளி தூக்குவதும் அவர்கள் வாழ்வாயின. நோயுற்றால் முதலில் காண்பது தோட்டத்து டிரஸ்ஸரை. பேறு பார்ப்பவள் லயத்து மருத்துவச்சி. மருத்துவமனை என்பது நகரத்தில் இருந்தது.

இத்தகைய வாழ்வில் தாங்கவொண்ணாக் கரு என்பது ஏட்டுச் சிக்கலன்று. சட்டம் கதவை அடைத்த காலத்தில் கருக்கலைப்பு நின்றுவிடவில்லை, இருட்டுக்குள் சென்றது. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் வழங்கிய கொடிய கைவைத்தியங்கள் எத்தனை தாய்மாரைப் பலி கொண்டன என்பதற்கு முழுக்கணக்கு எவரிடமும் இல்லை. வசதியுள்ளவள் நகரத்து மருத்துவரை நாடுவாள். கூலிப்பெண் குச்சியையும் கசாயத்தையும் நாடுவாள். ஒரே சட்டம் இருவரையும் ஒரே வகையில் தடுப்பதுபோல் தோன்றினும், அதன் சுமை ஏழையின் தோளிலேயே இறங்குகிறது. சமயம் இதனைக் காணாது கண்மூடி நிற்றல் தகுமா என்பதே வினா.

நூல்கள் கூறுவன

இவ்வினாவை எழுப்புவோர் கருவைப் புல்லெனக் கருதுவோர் அல்லர். சைவத் தமிழ் மரபு கருவைப் போற்றிய மரபு. மாணிக்கவாசகர் போற்றித் திருவகவலில், தாய் வயிற்றில் உயிர் திங்கள்தோறும் எத்தனை இடர்களுக்குத் தப்பிப் பிறக்கிறது என வரிசைப்படுத்துகிறார். திருமூலர் கர்ப்பக்கிரியை எனத் தனியொரு பகுதியே பாடினார். தரும சாத்திரங்கள் கருவழித்தலைப் பெரும்பாவங்களுள் ஒன்றாக வைத்தன. இவற்றை மறைத்துக் கட்டப்படும் வாதம் நேர்மையற்றது.

ஆயினும், கருவில் உயிர் எப்பொழுது பொருந்துகிறது என்னும் வினாவிற்கு நூல்கள் ஒரே விடை தரவில்லை. கருத்தரிக்கும் பொழுதே உயிர் கூடுகிறது என்பது சரக சங்கிதையின் கொள்கை. கர்ப்ப உபநிடதமோ ஏழாம் திங்களில் உயிர் பொருந்துவதாகக் கூறுகிறது. இரண்டும் ஒரு பெருமரபின் நூல்களே. சான்றோர் வேறுபட்ட இடத்தில் ஒரு கொள்கையைச் சிறைக்கதவாக்குவது சமயத்திற்கு அணி செய்யாது.

சுசுருத சங்கிதை இடருற்ற பேற்றைத் தனியே ஆராய்கிறது. உயிருள்ள கருவைக் கருவியால் சிதைத்தல் ஆகாது என்கிறது. அவ்வாறு செய்யின் தாயும் சேயும் ஒருங்கே மடிவர் என்பதே அது காட்டும் காரணம். இறந்த கருவைக் காலந்தாழ்த்தாது அகற்றித் தாயைக் காக்கவும் பணிக்கிறது. நிலைமையை ஆராய்ந்து முடிவு செய்யும் பொறுப்பு அந்நூலில் மருத்துவனிடத்தே உள்ளது. அரசனின் காவலனிடத்து அன்று.

உயிர் அநாதி, உடல் மாறுவது என்னும் சித்தாந்தக் கொள்கையைக் காட்டி, கருவழித்தலால் உயிர் அழிவதில்லை எனச் சிலர் வாதிடலாம். அது போதாத வாதம். அவ்வாறாயின் எக்கொலையையும் நியாயப்படுத்திவிடலாம். சமயத்தின் உறுதியான சான்று பிறிதோரிடத்தில் உள்ளது. வினையின் பயன் செய்தவரின் எண்ணத்தையும் இக்கட்டையும் சார்ந்தது என்பதும், அதனை அளப்பவன் இறைவன் என்பதுமே அது. இருதலைக் கொள்ளி எறும்பாய்த் தவிக்கும் தாயிடம் சமயம் காட்டத் தக்கது கருணையே.

பிற சமயங்களின் துணை

இவ்வாதம் இந்து சமயத்திற்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்துத் திருச்சபை 1965இல் வெளியிட்ட ஆய்வறிக்கை, தாயின் நலத்திற்குக் கடும் இடர் நேரும் நிலையில் கருக்கலைப்பு ஏற்கத்தக்கது எனக் கூறி, 1967ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு வழி அமைத்தது. அச்சட்டத்தை முன்மொழிந்த டேவிட் ஸ்டீல் ஒரு போதகரின் மகன். அதே ஆண்டில் நியூயார்க்கில் ஹோவர்ட் மூடி என்னும் போதகர் தலைமையில் கிறித்துவ, யூதச் சமய குருமார் ஒன்றுகூடி, கள்ள மருத்துவரிடம் சிக்காதவாறு பெண்களுக்கு வழிகாட்டும் பணியை வெளிப்படையாகத் தொடங்கினர். குழந்தையின் பெரும்பகுதி வெளிப்படும் வரை தாயின் உயிரே முதன்மையானது என்பது யூதரின் மிசுனா நூல் வகுத்த நெறி. 2022இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1973ஆம் ஆண்டுத் தீர்ப்பை நீக்கிய காலத்தில், புளோரிடா மாநிலத்து யூத வழிபாட்டுக் கூடம் ஒன்று, புதிய தடைச்சட்டம் தம் சமய உரிமையைப் பறிக்கிறது என வழக்குத் தொடுத்தது.

இசுலாமிய நெறியில் 120ஆம் நாள் ஒரு வரம்பாகக் கொள்ளப்படுகிறது. மலேசியத் தேசிய ஃபத்வா குழு 2002இல் அந்நாளைக் கடந்த கருவைக் கலைத்தலை விலக்கி, தாயின் உயிர் காக்கும் நிலைக்கு இடமளித்தது. ஆகவே பல சமயத்தார் வாழும் நாட்டில் 1989ஆம் ஆண்டு விதிவிலக்கைச் சமயப் பகையெனக் கூறுதல் பொருந்தாது.

இரு எச்சரிக்கைகள்

ஒரு சமயத்தின் கொள்கை அனைவர்க்கும் சட்டமாகும்போது விளைவது யாது என்பதற்கு ஆயர்லாந்து சான்று. கருநாடகத்தைச் சேர்ந்த பல் மருத்துவர் சவிதா ஹலப்பனவர், 17 வாரக் கரு சிதையத் தொடங்கிய நிலையில் 2012 அக்டோபரில் கால்வே நகர மருத்துவமனையில் சேர்ந்தார். கருவைக் காத்தல் இயலாது எனத் தெரிந்தும், அதன் இதயத் துடிப்பு நிற்கவில்லை என்பதால் அவர் வேண்டுகோள் மறுக்கப்பட்டது. குருதி நஞ்சுற்று அக்டோபர் 28இல் அவர் மறைந்தார். இந்துவான அப்பெண்ணிடம் மறுப்பிற்குக் கத்தோலிக்க மரபே காரணமாகச் சொல்லப்பட்டது என்பது 2013ஆம் ஆண்டு விசாரணையில் வெளிப்பட்டது. 2018 மே 25இல் நடந்த வாக்கெடுப்பில் 66.4 விழுக்காட்டினர் அத்தடையை நீக்க இசைந்தனர். இலங்கையிலோ 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டம் தாயின் உயிரைக் காத்தல் ஒன்றையே ஏற்கிறது. 1995இலும் 2017இலும் தளர்த்த முயன்றபோது எதிர்ப்பால் அம்முயற்சிகள் கைவிடப்பட்டன.

மற்றோர் எச்சரிக்கை எதிர்த்திசையில் உள்ளது. சாந்திலால் ஷா குழு 1966இல் அளித்த அறிக்கையின் பயனாக இந்தியாவில் 1971ஆம் ஆண்டு மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் பிறந்து, 1972 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. அது பல தாய்மாரைக் காத்தது. ஆனால் பெண் சிசு வேண்டாமென்று கருவிலேயே அழிக்கும் கொடுமையும் அந்நாட்டில் பரவியது. 1994இல் அதனைத் தடுக்கத் தனிச்சட்டம் தேவைப்பட்டது. உரிமை கேட்போர் இதற்கு விடை கூறக் கடமைப்பட்டவர். விடை இதுவே: பெண்ணை இழிவாகக் கருதும் மனமே அக்கொடுமையின் வேர். மருத்துவ வழியை அடைத்தால் அவ்வேர் அறுவதில்லை. கல்வியும் சொத்துரிமையும் சமய மேடைகளின் அறிவுரையுமே அதனை அறுக்கும்.

முடிவுரை

கோலா கெத்திலின் ரப்பர் நிரைகள் பல செம்பனையாயின; பிள்ளைகள் சுங்கைப்பட்டாணி, கூலிம் தொழிற்சாலைகளுக்குப் பெயர்ந்தனர். ஆயினும், 1989ஆம் ஆண்டுத் திருத்தம் தம் மனைவியரையும் மகளிரையும் காக்க உள்ளது என்பதை அறியாத குடும்பங்கள் இன்றும் உள. உரிமை ஏட்டில் இருந்தும் அறிவில் இல்லாதபோது, அதனைக் குறைக்க முயல்வோர்க்கு வேலை எளிதாகிறது.

கருவைக் காக்க விரும்பும் சமயத்தார்க்குச் செய்ய வேண்டுவன பல உண்டு. தாய்மாருக்கு ஊட்டம், பேறுகால ஓய்வு, கைவிடப்பட்ட பெண்ணுக்குப் புகலிடம், இளையோர்க்கு உடலறிவு ஆகியவை கருவைக் காக்கும் அறங்கள். இவற்றைச் செய்யாது தண்டனையை மட்டும் கூட்டுவது, நீர் ஊற்றாத வயலுக்கு வேலி போடுவதை ஒக்கும். கரு போற்றத்தக்கது, அதனைச் சுமப்பவளும் போற்றத்தக்கவளே. இருவருக்கும் இடையே இக்கட்டு நேரும் நாளில், அவள் மனச்சான்றும் மருத்துவர் அறிவும் இறைவன் கருணையும் ஒருங்கே பேச இடம் வேண்டும். அந்த இடத்தைச் சட்டம் பறித்துக்கொள்ளாதிருத்தலே, சமயம் சட்டத்தினிடம் கேட்கத் தக்க வரம்.