இந்தியாவின் ராட்சத டைனோசர்கள்: தோண்டி எடுத்த எலும்புகூட காணாமல் போவது எப்படி?

அரியலூர் மாவட்டத்தில் கல்லமேடு என்று ஓர் ஊர். நீங்கள் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பு குறைவு. ஆனால் பூமியில் நடமாடிய விலங்குகளிலேயே பெரியது எது என்று உலக விஞ்ஞானிகள் வாதாடும்போது இந்த ஊரும் பேச்சில் வந்துவிடும். இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனமான ஜி.எஸ்.ஐ-யைச் சேர்ந்த யாதகிரி, அய்யாசாமி இருவரும் இங்கே கிடைத்த எலும்புகளை வைத்து, 1980-களின் பிற்பகுதியில் ஒரு டைனோசருக்கு 'புருகத்காயோசாரஸ்' என்று பெயர் சூட்டினார்கள். பெரிய உடம்புக்காரன் என்று அர்த்தம். முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு மட்டுமே சுமார் 2 மீட்டர். முதலில் இதை மாமிசம் தின்னும் இனம் என்றுதான் எழுதினார்கள். நீண்ட கழுத்துள்ள தாவர உண்ணி என்பது பிறகுதான் தெளிவானது. 2023-ல் வெளியான ஒரு மதிப்பீடு, இதன் எடை 110 முதல் 170 டன் வரை இருக்கலாம் என்கிறது. நீலத் திமிங்கலத்தோடு போட்டி போடும் எடை அது.

சரி, அந்த எலும்பை எங்கே போய்ப் பார்ப்பது? எங்கேயும் முடியாது. அது இப்போது இல்லை. எடுத்த எலும்புகள் நொறுங்கித் தூளாகிவிட்டன என்று 2017-ல் அச்சிலேயே வந்துவிட்டது.

டைனோசர் செய்திகளில் 'கண்டுபிடிப்பு' என்ற வார்த்தைதான் பெரிசாக வரும். உண்மையில் கஷ்டமெல்லாம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

எலும்புக்கு மாவுக்கட்டு

கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்த எலும்பில் கனிமங்கள் ஏறியிருக்கும். அதனால் அது கல் போலக் கனக்கும், ஆனால் கல் போல உறுதியாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். நுண்ணிய விரிசல்கள் நிறைய. கல்லமேடு மாதிரி இளகிய மண்ணில், மழையில் ஊறி வெயிலில் காய்ந்து என்று பல வருஷம் கிடந்த எலும்பு, கை பட்டாலே உதிரும். கடப்பாரையால் நெம்பி எடுத்தால் கையில் பொடிதான் மிஞ்சும்.

அதனால் எலும்பை நேரடியாகத் தொடுவதே இல்லை. முதலில் மேல்பக்க மண்ணைத் தூரிகையாலும் சிறு ஊசிகளாலும் விலக்குவார்கள். விரிசலுக்குள் பசை போன்ற திரவத்தை இறக்குவார்கள். பிறகு எலும்பைச் சுற்றிப் பள்ளம் தோண்டி, அது ஒரு மண் பீடத்தின் மேல் நிற்பது போலச் செய்துகொள்வார்கள். மேலே ஈரக் காகிதம், அதற்கு மேல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் நனைத்த சாக்குத் துணி. கை முறிந்தால் நமக்குப் போடும் மாவுக்கட்டேதான். காய்ந்ததும் பீடத்தை அடியில் வெட்டி, மொத்தத்தையும் புரட்டி, அடிப்பக்கமும் கட்டு போடுவார்கள். ஒரு தொடை எலும்புக் கட்டையைத் தூக்கவே பல பேர் வேண்டும். லாரி வர வழியில்லாத இடமென்றால் பாதையையும் யோசித்துத்தான் தோண்டவே ஆரம்பிக்க வேண்டும்.

இன்னொன்று, எலும்பை அசைப்பதற்கு முன்னால் அது எந்தத் திசையில், எதன் பக்கத்தில், எந்த ஆழத்தில் கிடந்தது என்று கட்டம் போட்டு வரைபடம் எடுத்தாக வேண்டும். இது சும்மா சம்பிரதாயம் இல்ல.

போச்சம்பள்ளி சொல்லும் கதை

பட்டுச்சேலை போச்சம்பள்ளியும் இல்ல, கிருஷ்ணகிரி போச்சம்பள்ளியும் இல்ல. இது மகாராஷ்டிர-தெலங்கானா எல்லையில், பிராண்ஹிதா ஆறு கோதாவரியில் கலக்கும் சிரோஞ்சா பக்கம் இருக்கும் ஊர். 1958 முதல் 1961 வரை இங்கே வேலை செய்தது கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனம். புள்ளியியல்காரர்களுக்கு டைனோசரோடு என்ன வேலை என்று கேட்கிறீர்களா? அதன் நிறுவனர் மகலனோபிஸ், லண்டனிலிருந்து பமீலா ராபின்சன் என்ற தொல்லுயிரியல் ஆய்வாளரை வரவழைத்து, 1957-ல் தனியாக ஒரு புவியியல் பிரிவையே தொடங்கியிருந்தார்.

சுமார் 300 எலும்புகள் வெளிவந்தன. எல்லாம் ஏறக்குறைய 276 சதுர மீட்டருக்குள், அதாவது ஒரு டென்னிஸ் கோர்ட் அளவு இடத்தில். குறைந்தது 6 விலங்குகள். கூடவே கல்லாகிப்போன பெரிய மரத்தண்டுகள். வரைபடம் இருந்ததால்தான் அடுத்த கேள்வியையே கேட்க முடிந்தது: ஒரு கூட்டமே வெள்ளத்தில் மாட்டி, மரங்களோடு சேர்ந்து ஒதுங்கியதா? இருக்கலாம் என்கிறார்கள். எலும்பை மட்டும் அள்ளிக்கொண்டு வந்திருந்தால் இந்த ஊகத்துக்கே இடமில்லை.

அங்கே கிடைத்த தொடை எலும்பு சுமார் 1.7 மீட்டர். வங்காள மொழியில் 'பரா பா' என்றால் பெரிய கால். 1961 தாகூரின் நூற்றாண்டு. இரண்டும் சேர்ந்து 'பாராபாசாரஸ் தாகோரி' ஆனது. ஆனால் அந்தப் பெயர் முறைப்படி அச்சேறியது 1975-ல். இடையில் 14 வருஷம். மாவுக்கட்டைப் பிரித்து, ஒட்டியிருக்கும் கல்லைச் சுரண்டி, உடைந்ததைப் பொருத்தி, மற்ற நாட்டு எலும்புகளோடு ஒப்பிட்டு முடிக்க அவ்வளவு நாள் ஆகும். மண்டை ஓடு கிடைக்கவே இல்லை, சில பற்கள் மட்டும்தான். இந்த வகை டைனோசர்களின் தலை சின்னது, எலும்பும் மெல்லிசு. செத்ததும் முதலில் கழன்று போவது அதுதான். இன்று அந்த எலும்புக்கூடு கொல்கத்தாவில் அந்த நிறுவனத்தின் அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

அதே கோதாவரிப் படுகையில், யாமன்பள்ளி அருகே எடுத்த கோட்டாசாரஸ் ஹைதராபாத் பிர்லா அறிவியல் மையத்தில் நிற்கிறது. ஐ.டி வேலையாக ஹைதராபாத்தில் இருப்பவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் வரலாம். அதை 1988-ல் விவரித்து எழுதியவர் யார் தெரியுமா? கல்லமேட்டு யாதகிரியேதான். ஆக, ஒரே ஆளின் கைபட்ட இரண்டு டைனோசர்களில் ஒன்று நிற்கிறது, இன்னொன்று தூளாகிவிட்டது. ஆள் திறமையை மட்டும் வைத்து இதைப் பேச முடியாது. மண்ணின் தன்மையும் எலும்பைக் காக்கும் வசதியும்தான் முடிவைத் தீர்மானிக்கின்றன.

அலமாரியிலும் தொலையும்

தூளாகாமலே தொலைந்ததும் உண்டு. 1828-ல் ஜபல்பூரில் ஸ்லீமன் என்ற ஆங்கிலேய அதிகாரி சில வால் எலும்புகளைக் கண்டெடுத்தார். இந்தியாவில் கிடைத்த முதல் டைனோசர் எலும்புகள் அவைதான். 1877-ல் லைடெக்கர் வைத்த டைட்டனோசாரஸ் என்ற பெயரிலிருந்துதான் 'டைட்டனோசர்' என்ற குடும்பப் பெயரே உலகம் முழுக்கப் பரவியது. அந்த மூல எலும்பு மட்டும் நெடுங்காலம் எங்கே என்று தெரியவில்லை. 2012-ல்தான் கொல்கத்தாவில் ஜி.எஸ்.ஐ சேகரிப்பிலேயே அடையாளம் கண்டார்கள்.

மூல எலும்பு கையில் இல்லையென்றால் யாரும் மறுபடி அளந்து பார்க்க முடியாது. கல்லமேட்டு எலும்புக்கு நடந்ததும் அதுதான். அது எலும்பே இல்லை, கல்மரம் என்று சொன்னவர்கள் உண்டு. பக்கத்திலேயே சாத்தனூர் கல்மரம் இருக்கும்போது அந்தச் சந்தேகத்தைத் தப்பு சொல்லவும் முடியாது. 2022-ல் பழைய களப் புகைப்படங்கள் வெளியான பிறகுதான் எலும்பு என்ற தரப்பு வலுத்தது. 170 டன் என்ற எண்ணை எங்காவது பார்த்தால், அது புகைப்படத்தையும் பழைய அளவுகளையும் வைத்துப் போட்ட கணக்கு என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

புதைபடிவ இடங்களைப் பாதுகாக்கத் தனிச் சட்டம் வேண்டும் என்பது ஆய்வாளர்களின் பழைய கோரிக்கை. 2022 டிசம்பரில் மத்திய சுரங்க அமைச்சகம் ஒரு வரைவு மசோதாவை வெளியிட்டது.

ட்ரெக்கிங் போகும் இடத்தில் மண்ணிலிருந்து எலும்பு போல எதாவது துருத்திக்கொண்டு நின்றால் இழுக்காதீர்கள், தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள். பக்கத்தில் ஒரு பேனாவோ நாணயமோ வைத்துப் படம் எடுங்கள். போனில் இடத்தைக் குறித்துக்கொண்டு ஜி.எஸ்.ஐ-க்குத் தெரிவியுங்கள். சென்னையிலும் அவர்களுக்கு அலுவலகம் உண்டு.