தாது வருஷப் பஞ்சமும் தாய்மையும்



கோடைக்கானல் மலைவிளிம்பில் நின்று தென்பால் நோக்குவார்க்குப் பெரியகுளத்துச் சமவெளி பசும்பாய் விரித்தாற்போலத் தோன்றும். இன்று பசுமையாய் விளங்கும் இந்நிலப்பரப்பும் தமிழகத்தின் ஏனைய பகுதிகளும் ஒருகால் வறண்டு வெடித்துக் கிடந்தன. 1876-ஆம் ஆண்டு பருவமழை பொய்த்தமையால் எழுந்து, 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய அக்கொடுமையையே நம் முன்னோர் தாது வருஷப் பஞ்சம் என்று வழங்கினர். அன்று பழனிமலை மதுரை ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. 1845-இல் அமெரிக்கப் பாதிரிமார் முதல் வீடுகளைக் கட்டிய கோடைக்கானலோ இன்னும் சிற்றூராகவே இருந்தது.

அப்பஞ்சத்தில் மாண்டவர் தொகையைப் பலரும் பேசுவர். பிறவாதவர் தொகையைப் பேசுவார் அரியர். அத்தொகையையே ஈண்டு ஆராயப் புகுகின்றேன்.

சென்னை மாகாணத்துப் பதிவேடுகளில் 1876-ஆம் ஆண்டில் 6,32,113 பிறப்புகள் பதியப்பெற்றன. பஞ்சம் உச்சமுற்ற 1877-இல் இறப்புகள் 15,56,312 ஆக உயர, பிறப்புகள் 4,77,447 ஆகக் குறைந்தன. 1878-இலோ பிறப்புகள் 3,48,346 ஆயின. அஃதாவது, இரண்டாண்டுக்கு முன் நூறு குழந்தைகள் பிறந்த இடத்தில் ஐம்பத்தைந்தே பிறந்தன. அக்காலப் பதிவு குறைபாடுடையதே. ஆயினும் வீழ்ச்சியின் போக்கு ஐயத்துக்கு இடமின்றி விளங்குகின்றது.

இறப்பு மிக்க ஆண்டு 1877. பிறப்பு மிகக் குறைந்த ஆண்டோ 1878. இவ்வேறுபாடு ஏன்? கருவுற்ற பின் பத்துத் திங்கள் கழிந்தன்றோ மகவு பிறக்கும்? ஆகவே 1877-இல் பசித்த வயிறுகளில் தங்காத கரு, 1878-இன் ஏட்டில் வெற்றிடமாய்த் தோன்றிற்று. கணவன்மார் பிழைப்புத் தேடி அயலிடம் சென்றமையும், தாயர் பலர் மாண்டமையும் இதற்குக் காரணங்களே. எனினும் பசியும் ஒரு பெருங்காரணமாம்.

அன்று நிவாரண வேலை செய்த ஆண்மகனுக்கு நாளொன்றுக்கு ஓர் இராத்தல் தானியமும் ஓரணாவுமே போதுமென 1877-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ரிச்சர்டு டெம்பிள் துரை விதித்தார். மாகாணச் சுகாதார ஆணையராயிருந்த டாக்டர் கார்னிஷ், உழைக்கும் உடலுக்கு அது போதாதென வாதாடினார். அவ்வாண்டிலேயே பின்னர்க் கூலி உயர்த்தப்பெற்றது. உண்பதை உழைப்போடு சேர்த்தே அளத்தல் வேண்டுமென்னும் அவ்வுண்மையைப் பிற்கால அறிவியல் மகளிர் உடலில் தெளிவுறக் காட்டிற்று.

மூளையின் அடிப்புறத்தே ஹைப்போதலாமஸ் என்றொரு பகுதி உண்டு. அஃது ஒன்று அல்லது ஒன்றரை மணிக்கு ஒருமுறை ஏவ, பிட்யூட்டரி என்னும் சுரப்பி ஒருவகை ஹார்மோனைக் குருதியில் விடுகின்றது. அவ்வேவலின் தாளம் வழுவாதிருப்பின் சூலகத்தில் முட்டை முதிரும். மாதவிலக்கும் முறைப்படி நிகழும். உணவு குறைந்தால் தாளம் தளரும், முட்டை முதிராது, பூப்பும் நிற்கும். பஞ்ச காலத்தில் கருவைச் சுமந்தால் தாயும் சேயும் ஒருங்கே அழிவர் என்று உடல் தானே கதவடைத்துக் கொள்வது போலும்!

2003-ஆம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளர் லக்ஸ், துமா என்போர் நோயற்ற இளமகளிர் 29 பேரை ஆராய்ந்தனர். உண்ட ஆற்றலில் உடற்பயிற்சிக்குச் செலவானது போக எஞ்சியது, கொழுப்பு நீங்கிய உடலெடையில் கிலோவுக்கு 30 கலோரிக்குக் கீழே சென்றபோது, அத்தாளம் ஐந்தே நாளில் குலைந்தது. பஞ்சம் வேண்டா, ஐந்து நாள் அரைவயிறே போதும் என்க. இந்நிலை நீடித்தால் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோனும் குறைந்து, எலும்பும் நலியும்.

இனி, தனியொரு பண்டமே பெண்மை நலம் தருமென நம்புவாரும் உளர். பழனிமலைப் பளியர் அகழ்ந்துண்ணும் வள்ளிக்கிழங்கின் இனத்தைச் சேர்ந்த ஒரு கிழங்கிலிருந்து, ரஸ்ஸல் மார்க்கர் என்னும் வேதியியலார் 1940-களில் மெக்சிகோ நாட்டில் புரோஜெஸ்டிரோன் என்னும் பெண்மை ஹார்மோனை ஆக்கினார். உண்மையே, ஆயினும் அது வேதிக்கூடத்தின் வினை. கிழங்கை உண்டால் அதன் சத்து ஹார்மோனாய் மாறுதற்குரிய நொதி மனித உடலில் இல்லை. கிழங்கு பசிதீர்க்கும் நல்லுணவு, மந்திரமன்று. மகளிர்க்கு வேண்டுவது உழைப்புக்கு ஏற்ற நிறைவான உணவேயாகும்.

தொல்காப்பியக் கற்பியல், பூப்புத் தோன்றிய பன்னிரு நாளும் கணவன் மனைவியைப் பிரிந்துறைதல் ஆகாதென விதித்தது. கருவுறற்குரிய காலத்தை அத்துணை நுணுக்கமாய் எண்ணிய மரபில் வந்த நாம், அவள் உண்டாளா என்பதை எண்ணுகின்றோமா?

யான் ஆசிரியப் பணிபுரியும் மலையூரில், பெண்டிர் விடியுமுன் விறகு சுமந்து, சரிவு நிலத்தில் பூண்டும் கிழங்கும் நட்டு, மாலையில் அடுப்பூதி, யாவரும் உண்ட பின் எஞ்சியதை உண்கின்றனர். ஒருநாள் காலை வகுப்பில் மயங்கி விழுந்த மாணவியிடம் வினவினேன். “அம்மாவும் நானும் கடைசியிலே தான் சாப்பிடுவோம், ஐயா, ராத்திரி சட்டியிலே மிச்சமில்லை” என்றாள். அவ்விடையை யான் இன்றும் மறந்திலேன்.

அத்தகைய பெண்ணுக்கு நாளை மணமாகி மகப்பேறு தாழ்த்தால், மலடி என்று தூற்றும் உலகம். பழனிக்கு நேர்ந்து கொள்வர், சோதிடம் பார்ப்பர், மறுமணமும் பேசுவர். அவள் தட்டில் என்ன விழுந்தது என்று வினவுவார் இல்லை. மகப்பேறின்மைக்குக் காரணம் பல. ஆடவர்பால் உள்ள குறையும் அவற்றுள் ஒன்று. ஆயினும் பசியால் நின்ற பூப்பை அவள்மேற் பழியாக்குதல் அறமன்று. மாதவிலக்கு மும்முறை தவறின் மருத்துவரை நாடுதலே முறை.

சங்கத்தாரே! மாநாடு கூட்டித் தீர்மானம் செய்ய வேண்டுவதொன்றன்று இது. இன்றிரவே நம் இல்லங்களில் தாயும் மகளும் மருமகளும் ஏனையோரோடு ஒருங்கமர்ந்து வயிறார உண்ணட்டும். தாது வருஷத்தில் வானம் பொய்த்தது. இன்று நம் வீட்டுப் பெண்டிர் பசித்திருப்பின், பொய்த்தது நம் நெஞ்சமே.