ஒரே மொழி என்ற பழைய ஆசை

"பைத்தான் மட்டும் போதும் சார், மத்ததெல்லாம் சீக்கிரம் போயிடும்." வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் அடிக்கடி சொல்வது இது. நம்பி, வேறெதையும் தொடாமலே இருந்துவிடுகிறார்கள். இந்த ஆசைக்கு அறுபது வயதுக்கு மேல் ஆகிறது.

1960களின் தொடக்கத்தில் விஞ்ஞானிகள் ஃபோர்ட்ரானில் எழுதினார்கள், கம்பெனிக் கணக்கு பார்த்தவர்கள் கோபாலில் எழுதினார்கள் (நம்ம ஊர் கோபால் இல்லை). ஐபிஎம் 1964 ஏப்ரலில் இரண்டு வேலைக்கும் பொதுவாக சிஸ்டம்/360 வரிசையை அறிவித்தது. இயந்திரம் ஒன்றானால் மொழியும் ஒன்றாகலாமே? அதற்கு முந்தைய வருஷமே ஐபிஎம்மும், அதன் வாடிக்கையாளர்கள் நடத்திய ஷேர் என்ற சங்கமும் சேர்ந்து ஒரு குழு போட்டிருந்தார்கள். அதில் பிறந்ததுதான் பிஎல்/1.

ஃபோர்ட்ரானின் சூத்திரக் கணக்கு, கோபாலின் ரெக்கார்டு, அல்காலின் கட்டமைப்பு என எல்லாமே உள்ளே வந்தது. இவ்வளவு பெரிய மொழியின் எல்லாச் சொற்களையும் யார் மனப்பாடம் செய்வது? அதனால் எந்தச் சொல்லையும் மொழி தனக்கென்று ஒதுக்கிக்கொள்ளவில்லை. 'இஃப்' என்றே ஒரு மாறிக்குப் பெயர் வைக்கலாம்! படிக்கிறவன் பாடுதான் திண்டாட்டம். 1972இல் டியூரிங் விருது உரையில் டைக்ஸ்ட்ரா, இதில் நிரல் எழுதுவதை 7000 பொத்தானும் சுவிட்சும் கைப்பிடியும் உள்ள விமானத்தை ஓட்டுவதோடு ஒப்பிட்டார்.

பிஎல்/1 செத்துப்போகவில்லை. ஆனால் யாரையும் விரட்டவும் இல்லை. ஓடிக்கொண்டிருக்கிற நிரலை எதற்குத் திருப்பி எழுத வேண்டும்? 1973இல் சென்னை ஐஐடிக்கு ஐபிஎம் 370/155 வந்தபோதும், மாணவர்கள் கார்டில் துளைத்தது ஃபோர்ட்ரானைத்தான்.

எனக்கு இதில் சுவையான இடம் வேறு. மல்டிக்ஸ் என்ற பிரம்மாண்ட இயங்குதளத்தை பிஎல்/1-இல் எழுதினார்கள். 1969இல் பெல் லேப்ஸ் அந்தத் திட்டத்திலிருந்து விலகிக்கொண்டது. அதில் வேலை பார்த்த கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் ஒரு சின்ன இயந்திரத்தில் யூனிக்ஸைத் தொடங்கினார்கள். அதற்காக ரிச்சி செய்துகொண்ட மொழிதான் சி. எல்லாருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று யாரும் கமிட்டி போடவில்லை. அது பரவியதற்கு அதன் சின்ன உருவமும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

சிந்தாதிரிப்பேட்டையை ஒட்டிய ரிச்சி தெருவுக்கும் இந்த ரிச்சிக்கும் பெயர் ஒற்றுமை தவிர ஒன்றுமில்லை. ஆனால் அவருடைய மொழிக்கு அங்கே இன்னும் வேலை இருக்கிறது. அங்கே விற்கும் ஆர்டுயினோ யூனோ போர்டை எடுத்துப் பாருங்கள். அதன் சிப்பில் ராம் வெறும் 2 கேபி. பைத்தானை அதற்குள் உட்கார வைக்க முடியாது. சி அல்லது சி++தான். பக்கத்திலேயே இஎஸ்பி32 போர்டும் கிடைக்கும், ராம் 520 கேபி. அதில் மைக்ரோபைத்தான் தாராளமாக ஓடும். அந்த மைக்ரோபைத்தானை எழுதியிருப்பது சி-யில்.