கோட்டை மதிலில் நின்று ஒரு பிள்ளை கேட்ட கேள்வி



கல்விச் சுற்றுலா என்றால் நம் பிள்ளைகளுக்குச் சிகிரியாவும் நுவரெலியாவும்தான். அவையும் பார்க்க வேண்டிய இடங்களே. ஆனால் கல்முனையிலிருந்து சுமார் 40 கிலோமீற்றரில் இருக்கும் மட்டக்களப்புக் கோட்டைக்குள் நம்மில் எத்தனை பேர் போயிருக்கிறோம்? அதனால் இம்முறை தரம் 8 பிள்ளைகளை அங்கே கூட்டிப்போனோம்.

கல்லடிப் பாலம் தாண்டிப் புளியந்தீவுக்குப் போனோம். கோட்டைக்கு இரண்டு பக்கம் வாவி, மற்ற இரண்டு பக்கம் அகழி. "ஏன் இந்த இடத்தில் கட்டினார்கள்?" என்று வகுப்பில் கேட்டபோது யாரும் வாய் திறக்கவில்லை. மதிலருகே நின்று வாவியைப் பார்த்ததும் அவர்களே சொன்னார்கள்: "தோணியில வாறவன தூரத்திலேயே காணலாம், சேர்."

போர்த்துக்கேயர் இதைக் கட்டியது 1628இல். அதற்கு இரண்டு வருடம் முன்னர், 1626இல், தங்கள் ஆட்சிப் பகுதியிலிருந்த முஸ்லிம்களை அவர்கள் வெளியேற்றினார்கள். கண்டி மன்னர் செனரத் அவர்களுக்கு இடம் கொடுத்தார். சுமார் 4000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினார் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். அன்றைய மட்டக்களப்பு என்பது நம் கரையும் சேர்ந்ததுதான். அம்பாறை மாவட்டம் பிரிந்தது 1961இல். செனரத்தின் மகன் இரண்டாம் இராஜசிங்கன் 1638இல் ஒல்லாந்தரோடு சேர்ந்து இதே கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தார். பிறகு நடந்தது, இஞ்சியைக் கொடுத்து மிளகாய் வாங்கிய கதை.

இதைச் சொல்லி முடித்ததும் ஒரு பிள்ளை கேட்டது: "அப்ப நாங்க வந்தேறு குடிகளா, சேர்?"

எங்களுக்கு ஒரு நிமிடம் பேச்சு வரவில்லை. பிறகு சொன்னோம்: "இல்ல மகன். துரத்தப்பட்டவங்களும் இந்த நாட்டு மக்கள்தான். தீவின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு வந்தாங்க. நம்மட வேர் அது ஒன்று மட்டுமில்ல. இங்குள்ள தமிழ் மக்களைப் போல நமக்கும் தாய்வழியில் வாற குடி இருக்கு. அது எப்படி வந்திருக்கும்? வீட்டுக்குப் போய் உம்மாட்டக் கேளுங்க, நம்மட குடி என்னவென்று."

அடுத்த நாள் சில பிள்ளைகள் குடியின் பெயரோடு வந்தார்கள். பலர் வெறுங்கையோடு வந்தார்கள். உம்மாவுக்கே தெரியவில்லையாம், உம்மம்மாவுக்குத் தெரிந்திருக்குமாம், அவர் மௌத்தாகிவிட்டாராம்.

பெற்றோரிடம் எங்கள் வேண்டுகோள் இதுதான். கோட்டைக்குப் பிள்ளைகளை நாங்கள் கூட்டிப்போகிறோம். கல் அங்கேயே இருக்கும், அடுத்த வருடமும் பார்க்கலாம். வீட்டிலிருக்கும் மூத்தவர்களின் நினைவு அப்படிக் காத்திருக்காது. இந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து பிள்ளையை அவர்கள் பக்கத்தில் உட்கார வையுங்கள். ஒரு கொப்பியும் பேனையும் கொடுங்கள்.

நாளைக்கு யாராவது "நீ எங்கிருந்து வந்தாய்?" என்று கேட்டால், நம் பிள்ளை கோபப்படாமல் பதில் சொல்ல அது போதும்.