மட்டாஞ்சேரிக் கோடையும் ஓர் அஞ்சல் கார்டும்

பஞ்சாங்கக் கணக்கில் சித்திரையும் வைகாசியும் வசந்த ருது; ஆனியும் ஆடியும் க்ரீஷ்ம ருது. கொச்சி மட்டாஞ்சேரியில் பிறந்து வளர்ந்த எனக்கு இந்தக் கணக்கு சிறு வயதிலேயே குழப்பத்தைத் தந்தது. பஞ்சாங்கம் கோடை என்று சொல்லும் ஆனி மாதத்தில் எங்கள் ஊரில் குடை இல்லாமல் வாசற்படி இறங்க முடியாது. இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை சாதாரணமாக ஜூன் 1-ஆம் தேதியை ஒட்டித் தொடங்கிவிடும். ஆகவே எங்களுக்குக் கோடை என்பது காரடையான் நோன்பு அடையோடு ஆரம்பித்து, வைகாசி நடுவில் முடிந்துவிடும். அந்த இரண்டரை மாதத்துக்குள் வருஷம் முழுவதற்குமான வேலைகள் முடிந்தாக வேண்டும்.

நான் பிறந்தது 1950-ல். இங்கே எழுதுவது 1958 முதல் 1963 வரையிலான கோடைகளைப் பற்றி. எங்கள் அகம் பாலஸ் ரோடை ஒட்டிய ஒரு சந்தில் இருந்தது. போர்ச்சுகீசியர் 1555-ஐ ஒட்டிக் கட்டிக் கொச்சி ராஜாவுக்குக் கொடுத்து, பின்னர் டச்சுக்காரர்கள் செப்பனிட்டதால் டச்சு அரண்மனை என்றே பெயர் பெற்றுவிட்ட அரண்மனை ஒரு பக்கம். அதன் பின்புறம் 1568-ல் எழுந்த யூதர்களின் ஆலயம். செர்ளாயில் கொங்கணிகள், குஜராத்தி ரோடில் குஜராத்திகள், இன்னும் கச்சி மேமன்கள். நடுவே நாங்கள், வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் மலையாளம் எழுதியவர்கள்.

கோடையில் ஊர் முழுவதுமே எதையாவது உலர்த்திக்கொண்டிருக்கும். பஜார் ரோடு பண்டகசாலைகளின் முற்றங்களில் சுக்கும் மிளகும் காயும். இந்திய மிளகு, நறுமணப்பொருள் வர்த்தகச் சங்கம் 1957-ல் யூதத் தெருவில்தான் தொடங்கியது. காற்றை முகர்ந்தே எந்தத் தெருவில் நிற்கிறோம் என்று சொல்லிவிடலாம். எங்கள் மொட்டை மாடியில் வடாம். பாட்டி விடியற்காலை நாலு மணிக்குக் கூழ் கிளறி, சூரியன் வருவதற்குள் பிழிந்து முடித்துவிடுவாள். நடுப்பகலுக்குள் கடல்காற்று ஈரத்தோடு எழும். அதற்குள் மேல்பக்கம் காய்ந்துவிட வேண்டும் என்பது அவள் சாஸ்திரம். கறுப்புக் குடையை விரித்து வைத்துக் காக்கையை விரட்டுவது பேரக் குழந்தைகளின் உத்தியோகம். அரைகுறையாகக் காய்ந்த வடாம்தான் அதற்குச் சம்பளம்.

பிறகு கடுமாங்காய். காம்போடு பறித்த பிஞ்சு மாங்காயில் விளக்கெண்ணெய் தடவி, உப்புப் போட்டுப் பரணியில் அடைப்பார்கள். சில நாளில் பிஞ்சுகள் சுருங்கி, பரணியில் தண்ணீர் நிற்கும். சொட்டுத் தண்ணீர் சேர்க்காத பரணியில் தண்ணீர் எப்படி வந்தது என்று நான் கேட்டதற்குப் பாட்டி, "உப்பு அழ வெச்சுடும்டா" என்றாள். பி.எஸ்ஸி. படித்தபோது சவ்வூடு பரவல் என்ற பாடம் வந்த அன்று பாட்டியின் வாக்கியம்தான் நினைவுக்கு வந்தது.

தண்ணீர்தான் கோடையின் பெரிய கவலை. சுற்றிலும் காயல்; குடிக்க ஒரு வாய் கிடையாது. பெரியாற்றில் நீர்வரத்து குறைந்ததும் கடல் உப்பு காயல் வழியாக உள்ளே ஏறிவிடும், கிணறுகளும் உவர்க்கும். ஆலுவாயிலிருந்து வள்ளங்களில் ஆற்று நீர் வந்து விற்ற காலம் ஒன்று உண்டு. 1914-ல் சொவ்வரையிலிருந்து குழாய் நீர் வந்த பிறகு அந்தச் சிரமம் குறைந்தது. ஆனாலும் பங்குனி, சித்திரையில் குழாய் நூலாகத்தான் ஒழுகும். ஸ்ரீராமநவமிக்குப் பானகம் கரைக்க முதல் நாளே நல்ல தண்ணீர் பிடித்து வைத்து, யாரும் தொடாமல் காவல் இருந்த குடும்பம் எங்களுடையது.

விஷுக்கனி கண்டு, கைநீட்டக் காசு வாங்கிய பிறகு, எங்களுக்குப் பொழுதுபோக்கு என்று இரண்டு உண்டு. ஒன்று, தொடர்கதை பைண்டிங். 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை 'கல்கி'யில் வந்தது. அத்தை வாராவாரம் அந்தப் பக்கங்களைக் கத்தரித்துச் சேர்த்து வைத்திருந்தாள். விடுமுறையில் மைதாப் பசை காய்ச்சி, அட்டை ஒட்டி, நூல் கோத்து பாகம் பாகமாக பைண்டு செய்தோம். அந்தப் பாகங்கள் இன்றும் என் அலமாரியில் இருக்கின்றன.

மற்றது தபால்தலை சேகரிப்பு. துறைமுகப் பட்டினம் ஆகையால் ஸ்டாம்புக்குப் பஞ்சமில்லை. குஜராத்தி நண்பனிடமிருந்து கிழக்கு ஆப்பிரிக்கா வரும். கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் 1950-களில் இஸ்ரேல் சென்றுவிட்டதால் அங்கிருந்து வரும் கடிதங்களின் தலைகள் யூதத் தெரு நண்பன் மூலம் கிடைக்கும். மாற்றாக நான் கொடுக்க வேண்டுமே? என்னிடம் இருந்தது கொச்சி அஞ்சல்.

வெளியூர் அன்பர்களுக்கு இதைச் சற்று விளக்க வேண்டும். இன்று தமிழ்நாட்டில் தபாலுக்கே அஞ்சல் என்று பெயர். பழைய கொச்சியில் இரண்டும் வேறு வேறு. தபால் பிரிட்டிஷ் இந்தியாவினுடையது. அஞ்சல் மகாராஜாவின் சொந்த ஏற்பாடு. மணி கட்டிய கோலோடு அஞ்சலோட்டக்காரர்கள் ஓடிய காலம் உண்டு. 1892-ல் கொச்சி தன் முதல் தலைகளை வெளியிட்டது. மதிப்பு 'புத்தன்' என்ற நாணயக் கணக்கில். ஆறு புத்தன் ஐந்து அணா. ராஜ்ய சின்னமான குடை காகிதத்தின் நீர்க்குறியிலும் தெரியும். 1911 முதல் மகாராஜாவின் உருவம் வந்தது. 1949 ஜூலை 1-ல் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தன. 1951-ல் அஞ்சல் இந்தியத் தபால் துறையோடு சேர்ந்து, தனி அஞ்சல் என்பதே மறைந்தது.

என் தாத்தா கொச்சி சர்க்காரில் குமாஸ்தா. வந்த கடிதங்களையெல்லாம் உறையோடு ஒரு கம்பியில் குத்தி வைப்பது அவர் வழக்கம். பாட்டியின் பிறந்தகம் தத்தமங்கலம். பாலக்காட்டின் பக்கத்தில் இருந்தாலும் அது கொச்சி ராஜ்யத்தில் சேர்ந்தது. ஆகவே அங்கிருந்து வந்த கடிதங்கள் எல்லாம் அஞ்சல் தலையோடு வந்தவை. தாத்தா காலமான பின் அந்தக் கம்பி மச்சில் தொங்கிக்கொண்டிருந்தது.

1961 மே மாதம், ஒரு மத்தியானம், நான் அந்தக் கட்டை முழுவதும் இறக்கி, பெரிய அண்டாவில் உறைகளைப் பிரிக்காமலே ஊறப் போட்டேன். தலைகள் அழகாகக் கழன்று வந்தன. அறுபதுக்கு மேல். மசி கரைந்து தண்ணீர் நீலமாயிற்று. கூழான காகிதத்தைக் காய வைத்து, மறுநாள் வெந்நீர் அடுப்புக்குக் கொடுத்துவிட்டேன். சாயங்காலம் பாட்டி மச்சுக்குப் போய்ப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள். "அதுல யார் யார் எழுதியிருந்தா, என்ன எழுதியிருந்தான்னு பாத்தியோடா?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. "போனது போகட்டும், ஸ்டாம்பையாவது பத்திரமா வெச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். அவள் கோபித்துக்கொண்டிருந்தால் நான் எப்போதோ மறந்திருப்பேன்.

மூன்று கார்டுகள் மட்டும் தப்பின. அஞ்சல் கார்டில் தலை ஒட்டப்படுவதில்லை, கார்டிலேயே அச்சிடப்பட்டிருக்கும். அதை ஊற வைத்துக் கழற்ற முடியாது, ஆல்பத்தில் மதிப்பும் இல்லை என்று நண்பர்கள் சொன்னதால் விட்டுவிட்டேன். அவற்றை நான் படித்தது பணி ஓய்வு பெற்ற பிறகு. மலையாள லிபியில் எழுதிய தமிழ். நம் கேரள முன்னோர் பலர் அப்படித்தான் எழுதினார்கள்.

ஒரு கார்டு கொல்லம் 1099 மேட மாதம், அதாவது 1924 ஏப்ரல்-மே. பாட்டியின் அப்பா தம் மாப்பிள்ளைக்கு எழுதியது. விஷு நன்றாக நடந்தது. குழந்தை தவழ்வதைக் கேட்டுச் சந்தோஷம். மட்டாஞ்சேரியில் குழாய்த் தண்ணீர் குறைந்துவிட்டது என்று கேள்விப்பட்டேன். பெண்ணையும் குழந்தையையும் கொஞ்ச நாள் இங்கே அனுப்பினால் நானே எர்ணாகுளம் ஸ்டேஷன் வரை வந்து அழைத்துப் போகிறேன். கடுமாங்காய் தயாராக இருக்கிறது, திரும்பும்போது ஒரு பரணி கொடுத்தனுப்புகிறேன். அவ்வளவுதான். தவழ்ந்த குழந்தை என் அப்பா.

கேரளத்து வாசகர்களுக்கு 1099 என்றதும் தூக்கிவாரிப் போட்டிருக்கும். அந்த வருஷம் கர்க்கடக மாதத்தில், 1924 ஜூலையில், வந்ததுதான் 'தொண்ணூற்றொன்பதாம் வெள்ளம்'. சுமார் மூன்று வாரம் மழை. பெரியாறு கரை உடைத்தது. மூணாறு மலை ரயில் பாதை அடியோடு போயிற்று. பிறகு போடப்படவே இல்லை. கார்டு எழுதி மூன்றே மாதத்தில் இது நடந்தது. பாட்டி தத்தமங்கலம் போனாளா? வெள்ளத்துக்கு முன் திரும்பிவிட்டாளா? கைக்குழந்தையோடு எங்கே இருந்தாள்? இதற்கெல்லாம் பதில் அடுத்தடுத்த கடிதங்களில் இருந்திருக்க வேண்டும். அவை அண்டாவில் கரைந்தன. பாட்டி 1967 வரை இருந்தாள். கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை.

2018 ஆகஸ்டில் கேரளம் மறுபடி வெள்ளத்தில் மூழ்கியபோது புனேயிலிருந்து பேத்தி தொலைபேசியில், "தாத்தா, தொண்ணூற்றொன்பதுல நம்மாத்துல என்ன பண்ணினா?" என்று கேட்டாள். முப்பத்தைந்து வருஷம் அரசாங்கக் கோப்புகளோடு குடித்தனம் செய்தவன் நான். ஒரு காகிதத்தை அழிப்பதற்கு முன் படித்துப் பார்த்து, பதிவேட்டில் குறித்து, மேலதிகாரி கையெழுத்து வாங்க வேண்டும் என்று எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். பேத்திக்குச் சொல்ல என்னிடம் ஒரு வரி இல்லை. கல்கியின் கதையைப் பக்கம் விடாமல் காப்பாற்றிய அதே வீட்டில், அதே கத்தரியாலும் பசையாலும் எங்கள் சொந்தக் கதையைப் போக்கிவிட்டோம்.

எனவே பல ஊர்களில் இருக்கும் நம் அங்கத்தினர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தக் கோடை விடுமுறையில் பேரக் குழந்தைகள் வரும்போது பழைய பெட்டியைத் திறங்கள். கடிதம், கார்டு, கல்யாணக் கணக்கு எதுவானாலும் முதலில் செல்போனில் இரண்டு பக்கமும் படம் எடுத்துவிடுங்கள். மலையாள லிபி தெரிந்த பெரியவர் ஒருவரைச் சத்தமாகப் படிக்கச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். கொல்லம் வருஷத்தோடு, சிங்கம் முதல் தனு மாத நடுப்பகுதி வரை 824-ம், அதன் பிறகு 825-ம் கூட்டினால் ஆங்கில வருஷம் வரும். யார், யாருக்கு, என்ன உறவு என்பதைப் பென்சிலால் தனித் தாளில் குறித்து வையுங்கள். ஸ்டாம்பை உறையிலிருந்து கழற்றாதீர்கள். கடிதத்தோடு சேர்ந்து இருந்தால்தான் சேகரிப்பவர்களுக்கும் அதிக மதிப்பு என்பதை நான் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன்.

அந்த அறுபது தலைகளும் ஆல்பத்தில் இன்றும் பளபளவென்று இருக்கின்றன. பாட்டி சொன்னபடி பத்திரமாகத்தான் வைத்திருக்கிறேன்.