கன்றின் கழிச்சலும் கிருமியின் பிடியும்

துணுக்காய்ப் பட்டிகளிற் பிறந்து சில நாளேயான கன்று கழிச்சலால் வாடி மடிதல் புதிதன்று. இதற்குரிய காரணங்களுள் ஒன்று எசரிக்கியா கோலி என்னும் பற்றீரியா. 1885இல் எசரிக்கு என்பார் விவரித்த இவ்வுயிர் நலமுள்ள குடலிலும் வாழ்வது. ஆதலின் அதனை நோய்முதலெனக் கொள்ளப் பலர் தயங்கினர். 1956இல் கல்கத்தாவிற் சம்புநாத் டேயும் துணைவரும், மனிதரிடமிருந்து பெற்ற அதன் குலவகைகளை முயலின் கட்டிய குடற்றுண்டுகளிற் செலுத்தினர். சிலவற்றால் அத்துண்டுகளில் நீர் பெருகி நிறைந்தது. (டேயின் பணிக்கு உரிய மதிப்புப் பிந்தியே கிடைத்தது.)

ஆயின் நஞ்சு மட்டும் போதாது. ஓயாது அசையுங் குடலிற் கிருமி நிலைத்து நிற்றலும் வேண்டும். டென்மார்க்கின் ஓர்சுக்கோவ் தம்பதியரும் துணைவரும் 1961இல் பன்றிக்குட்டிகளின் கிருமியிற் ‘கே 88’ என்னும் புறப்பொருளை விவரித்தனர். அதற்குரிய பரம்பரையலகுகள் கிருமிக்குக் கிருமி தாவும் பிளாசுமிட்டில் உள்ளமை 1966இல் வெளியாயிற்று. 1971இல் இங்கிலாந்திற் சிமித்து, லிங்குட்டு ஆகிய இருவரும் அப்பிளாசுமிட்டை நீக்கினர். நஞ்சாக்கும் திறன் எஞ்சியிருந்தும் கிருமி குட்டிகளை வருத்த இயலாதாயிற்று. வழக்கைத் தீர்த்த சோதனை இதுவே எனலாம்.

கன்றின் குடலைப் பற்றுவது ‘கே 99’ என்னும் பிறிதொரு புரதம். அதுவும் பிளாசுமிட்டு வழி வருவதே. பசுவின் எதிர்ப்பொருள் கருவிலுள்ள கன்றைச் சேர்வதில்லை. சினைப்பசுவுக்கு அப்புரதத்தைத் தடுப்பூசியாக இட்டால், எதிர்ப்பொருள் கடும்புப்பாலோடு கன்றின் குடலை அடைந்து கிருமியின் பிடியைத் தடுக்கும். கடும்பை விரும்பிக் காய்ச்சியுண்ணும் வீட்டார், கன்று வயிறாரக் குடித்த பின்னரே எஞ்சியதைக் கறத்தல் வேண்டும். ‘கே 99’ கன்றை வருத்துவது பெரும்பாலும் முதல் நான்கு நாட்களிலேயே.