லைமன் டிரம்புல்

லைமன் டிரம்புல் (12 அக்டோபர் 1813 – 25 ஜூன் 1896) அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநில உச்ச நீதிமன்ற நீதிபதியாகவும், 1855 முதல் 1873 வரை அம்மாநிலத்தின் சார்பில் அமெரிக்க செனட் உறுப்பினராகவும் இருந்தவர். அடிமை முறையை ஒழித்த 13ஆவது அரசமைப்புத் திருத்தத்தின் வாசகத்தை வடித்ததில் முதன்மைப் பங்கு அவருடையது.

கனெக்டிகட் மாநிலத்தின் கொல்செஸ்டரில் பிறந்தார். ஜார்ஜியாவில் பள்ளி ஆசிரியராக இருந்தபடியே சட்டம் படித்து, 1837இல் இல்லினாய்ஸின் பெல்வில் நகரில் வழக்கறிஞரானார். ஜனநாயகக் கட்சி சார்பில் சட்டமன்றம் சென்றார். 1841 முதல் 1843 வரை மாநிலச் செயலாளராக இருந்தார்.

இல்லினாய்ஸில் அடிமை முறை இல்லை என்பது அப்போது ஏட்டளவில்தான். பழைய பிரெஞ்சுக் குடியேறிகளின் குடும்பங்களில் அது நீடித்தது. ஜோசப் ஜாரட் என்ற கறுப்பினத்தவர், தம்மை உடைமையாக வைத்திருந்த ஜூலியா ஜாரட் மீது, செய்த வேலைக்குக் கூலி கேட்டு வழக்குப் போட்டார். கூலி உண்டு என்று தீர்ப்பானால் அவர் அடிமையல்ல என்றாகிவிடும். மேல்முறையீட்டில் அவருக்காக டிரம்புல் வாதாடினார். 1787ஆம் ஆண்டின் வடமேற்குப் பிரதேசச் சட்டம் அடிமை முறையைத் தடுத்த பிறகு பிறந்தவரை அடிமையாக வைத்திருக்க முடியாது என்று 1845இல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

1848இல் அதே நீதிமன்றத்துக்கு நீதிபதியாகத் தேர்வானார். 1852இல் மீண்டும் தேர்வாகி, மறு ஆண்டே விலகினார். 1854ஆம் ஆண்டின் கன்சாஸ்–நெப்ராஸ்கா சட்டம் மேற்குப் பகுதிகளில் அடிமை முறைக்கு வழிவிட்டபோது, சொந்தக் கட்சியையே எதிர்த்து நின்றார். அன்று செனட் உறுப்பினர்களை மாநிலச் சட்டமன்றமே தேர்ந்தெடுத்தது. 1855 பிப்ரவரியில் முதல் சுற்றில் ஆபிரகாம் லிங்கனுக்கு 44 வாக்குகள், டிரம்புலுக்கு வெறும் 5. டிரம்புலுக்கு வாக்களித்த ஐவரும் விக் கட்சிக்காரரான லிங்கனுக்கு வாக்களிக்க மாட்டோம் என்று அசையாமல் நின்றனர். கன்சாஸ்–நெப்ராஸ்கா சட்டத்தை ஆதரித்த ஜனநாயகக் கட்சி அணியின் வேட்பாளர் வென்றுவிடக் கூடாது என்பதற்காக லிங்கன் தம் ஆட்களை டிரம்புல் பக்கம் திருப்பிவிட, பத்தாம் சுற்றில் 51 வாக்குகளுடன் டிரம்புல் வென்றார். நீதிபதியாகத் தேர்வானவர் அந்தப் பதவிக்காலத்தில் வேறு பதவிக்கு வரக் கூடாது என்ற மாநில விதியைக் காட்டி எதிரணி தடுத்துப் பார்த்தது. செனட் அதை ஏற்கவில்லை.

குடியரசுக் கட்சிக்கு மாறியிருந்த அவர், 1861இல் செனட்டின் நீதித்துறைக் குழுத் தலைவரானார். அடிமை முறையை ஒழிக்கும் 13ஆவது திருத்தத்தில் 'சட்டத்தின் முன் சமம்' என்ற கருத்து இடம்பெற வேண்டும் என்றார் செனட் உறுப்பினர் சார்ல்ஸ் சம்னர். டிரம்புலின் குழுவோ நீதிமன்றங்களில் சோதிக்கப்பட்ட 1787 சட்டத்தின் சொற்களையே பெரும்பாலும் எடுத்தாண்டது. ஜோசப் ஜாரட்டுக்கு விடுதலை தந்த சொற்கள் அவை. 1864 ஏப்ரல் 8 அன்று செனட் 38–6 என்ற கணக்கில் அதை நிறைவேற்றியது. தண்டனைக் கைதிகளுக்கான விதிவிலக்கும் அந்தப் பழைய சட்டத்திலிருந்தே ஒட்டிக்கொண்டு வந்தது. தென் மாநிலங்கள் பின்னாளில் கைதிகளை வாடகைக்கு விட்டு வேலை வாங்க அந்த விதிவிலக்கே இடம் கொடுத்தது.

1866இல் அவர் கொண்டுவந்த குடிசார் உரிமைகள் சட்டத்தைக் குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜான்சன் ஏற்க மறுத்தார். காங்கிரஸ் அதை மீறி நிறைவேற்றியது. ஆனால் 1868இல் அதே ஜான்சன் மீதான பதவிநீக்க விசாரணையில், குற்றச்சாட்டுகள் சட்டப்படி நிற்கவில்லை என்று விடுதலைக்கு வாக்களித்த ஏழு குடியரசுக் கட்சியினரில் டிரம்புலும் ஒருவர். கட்சியின் சினத்துக்கு அஞ்சாத வாக்கு அது. 1871இல் கறுப்பினத்தவரைக் குறிவைத்த கூ கிளக்ஸ் கிளான் குழுவின் வன்முறையை அடக்கும் சட்டத்தை, மாநில உரிமையில் மத்திய அரசு தலையிடுகிறது என்று எதிர்த்ததைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. தாம் யாருக்காகச் சட்டம் எழுதினாரோ, அவர்களே அன்று கொல்லப்பட்டுக்கொண்டிருந்தார்கள்.

பின்னர் ஜனநாயகக் கட்சிக்குத் திரும்பி, 1880இல் ஆளுநர் தேர்தலில் தோற்றார். 1895இல், 81 வயதில், புல்மன் ரயில் வேலைநிறுத்தத்தை ஒட்டித் தண்டிக்கப்பட்ட தொழிற்சங்கத் தலைவர் யூஜின் டெப்ஸுக்காக வழக்கறிஞர் கிளாரன்ஸ் டாரோவுடன் சேர்ந்து அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் வழக்காடினார். தீர்ப்பு ஒருமனதாக எதிராக வந்தது. மறு ஆண்டு சிகாகோவில் காலமானார்.